லூபஸ் இருக்கு... ஜிம்முக்குப் போகலாமா? - ‘ரெஸ்ட் எடு’ என்பவர்களுக்கும் ‘நோ பெயின், நோ கெயின்’ என்பவர்களுக்கும் நடுவில் சில உண்மைகள்!

“பேசாம படுத்திரும்மா, உடம்பை அலட்டிக்காதே!”

லூபஸ் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வசனம் இதுவாகத்தான் இருக்கும். அம்மா சொல்வார், அப்பாயி சொல்வார், ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தையும் சொல்வார். எல்லாம் பாசம்தான். ஆனால், கையில் இருக்கும் போனைத் திறந்தால் வேறு உலகம். தனக்கு மயோசிட்டிஸ் இருப்பதாக 2022 அக்டோபரில் அறிவித்த சமந்தா, ஜிம்மில் வெயிட் தூக்கும் வீடியோக்கள் ரீல்ஸில் வந்துகொண்டே இருக்கின்றன. ‘அவங்களால முடியுதுன்னா என்னால ஏன் முடியாது?’ என்று தோன்றுவது நியாயமான கேள்விதானே?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். மயோசிட்டிஸ் வேறு, லூபஸ் வேறு. மயோசிட்டிஸ் முதன்மையாகத் தசையைத் தாக்குவது. லூபஸ் தோல், மூட்டு, சிறுநீரகம், இதயம், நுரையீரல், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். ஆனால், இரண்டும் ஒரே குடும்பம்தான். கிருமியோடு சண்டை போடவேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் நம் உடம்போடே சண்டை போடுகிற ஆட்டோஇம்யூன் நோய்கள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மயோசிட்டிஸ்காரர்களிடமும் ஒரு காலத்தில் ‘தசையைத் தொந்தரவு செய்யாதே, ஓய்வெடு’ என்றுதான் மருத்துவ உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனம் போன்ற இடங்களில் நடந்த பயிற்சி ஆய்வுகள் அதை மாற்றின. லூபஸ் விஷயத்திலும் அதே மாற்றம் நடந்திருக்கிறது. அந்தச் செய்தி நம் ஊர் வீடுகளுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் களைப்பு சோம்பேறித்தனம் இல்லை

லூபஸ் உள்ள 10 பேரில் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. அதாவது காலேஜ், வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாமே நடக்கிற வயது. 1993-ல் டெல்லி அருகே கிராமப்புறத்தில் நடத்திய கணக்கெடுப்பு, லட்சத்தில் சுமார் 3 பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரு சங்கடம்: உங்கள் தெருவில் இன்னொருவருக்கு இந்த நோய் இருக்காது. ‘பார்க்க நல்லாத்தானே இருக்கா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வந்தவர் மாதிரி உடம்பு கிடக்கும். லூபஸ் உள்ளவர்கள் அதிகம் சொல்கிற தொந்தரவு இந்தக் களைப்புதான். நோய் ஒரு காரணம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மன அழுத்தம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். பிறகு களைப்பாக இருக்கிறது என்று படுப்போம். படுக்கப் படுக்கத் தசை கரையும். தசை கரைந்தால் மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்கும். உடனே இன்னும் கொஞ்சம் படுப்போம். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு, அந்த மாத்திரையே தொடை, தோள் தசைகளை பலவீனமாக்கி, எலும்பையும் மெலிய வைக்கும். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லையா? அது இதனால்கூட இருக்கலாம். ஆனால் ஒன்று, மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இதைவிடப் பெரிய விஷயம் இதயம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 498 பெண் லூபஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1997-ல் வெளியானது. 35 முதல் 44 வயது வரையிலான லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்றது அது. அந்த வயதில் சாதாரணமாகப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அபூர்வம் என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. பயந்துவிட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். ‘ரெஸ்ட் எடு’ என்று பாசமாகச் சொல்லும்போது, இந்த இதயத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, கஷ்டமான பயிற்சி நோயைக் கிளறிவிடாதா?

எல்லோருக்கும் இருக்கும் பயம் இதுதான். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் 93 லூபஸ் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் படிப்படியாகக் கூட்டும் ஏரோபிக் உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு ரிலாக்ஸேஷன், மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 12 வாரம் கழித்து, ‘நல்லாவே தேறியிருக்கேன்’ என்றவர்கள் உடற்பயிற்சிக் குழுவில் 49%, ரிலாக்ஸேஷனில் 28%, சும்மா இருந்தவர்களில் 16%. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோயின் தீவிரம் கூடவில்லை. 2003-ல் வெளியான ஆய்வு இது. 2005-ல் பிரேசிலில் 60 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் வாரம் 3 நாள், 12 வாரம் பயிற்சி. உடல் திறனும் கூடியது, மனச்சோர்வும் குறைந்தது. அதே பிரேசிலில் பிறகு இன்னொரு படி மேலே போய், மிதமான பயிற்சியையும் தீவிரமான பயிற்சியையும் ஒவ்வொரு முறை செய்யவைத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். அழற்சியைக் காட்டும் அளவுகள் கொஞ்சம் ஏறி இறங்கின, கலவரம் எதுவும் கிளம்பவில்லை. ஐரோப்பிய ருமட்டாலஜி மருத்துவர்கள் கூட்டமைப்பான யூலார் 2023-ல் தந்த பரிந்துரையிலும் லூபஸுக்கு உடற்பயிற்சி இடம்பெற்றிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள். லண்டன் ஆய்வில் இதயம், நுரையீரல், சிறுநீரகத்தில் நோய் தீவிரமாக இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆக, ‘லூபஸ் உள்ள யாரும் எப்போதும் எதுவும் செய்யலாம்’ என்று இதற்கு அர்த்தமில்லை.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லைக்கல் வேண்டுமா? அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை ஷானன் பாக்ஸ். 2007-ல் லூபஸ் என்று கண்டுபிடிக்கப்பட்டது. பல வருடம் வெளியே சொல்லாமல் விளையாடி, 2012-ல்தான் அறிவித்தார். அந்த இடைவெளியில் 2008 பீஜிங் தங்கம், பிறகு 2012 லண்டன் தங்கம், 2015-ல் உலகக்கோப்பை. அவருக்கு இருந்த மருத்துவக் குழு நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் ‘லூபஸ் வந்தால் ஓடவே கூடாது’ என்று இனி யாராவது சொன்னால், இந்தப் பெயரைச் சொல்லலாம்.

“வயல்ல செய்யாத எக்சர்சைஸா?”

தஞ்சாவூர்ப் பக்கம் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வந்துவிட்டால் குறுவை வேலை பரபரக்கும். ஒரு பக்கம் லூபஸ் பெண்ணை அறையைவிட்டு வெளியே விடாத வீடு. இன்னொரு பக்கம், ‘மாத்திரைதான் சாப்பிடுறியே, கூட வந்து நாலு முடி நாத்து நடக்கூடாதா?’ என்று கேட்கும் வீடு. கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தில் அது கேள்விகூட இல்லை, கட்டாயம்.

வயல் வேலை கடினமான உழைப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது பயிற்சி இல்லை. பயிற்சி என்றால் அளவு உங்கள் கையில் இருக்கும். இன்று இவ்வளவு, நாளை ஓய்வு, அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம் என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். நடவில் அந்த முடிவை எடுப்பது வயலும் கூலியும். மணிக்கணக்கில் குனிந்தே நிற்கும்போது முதுகும் விரல் மூட்டுகளும் ஒரே மாதிரி இழுபடும், இதயத்துக்குத் தேவையான ஏற்ற இறக்கம் கிடைக்காது. சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு எந்தத் தொற்றும் கூடுதல் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேல், வெயில். புற ஊதாக் கதிர் தோலில் படிந்தால், லூபஸ் உள்ள பலருக்குக் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் தடிப்பு வரும். சிலருக்கு அதோடு நிற்காமல் காய்ச்சல், மூட்டுவலி, களைப்பு என்று நோயே கிளம்பும். உலக லூபஸ் தினம் மே 10, நம் ஊரில் கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம்! தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகைக்கு ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நான்காவது வாரத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் வரும். ஆகஸ்டில் மேகம்தானே என்று ஏமாறாதீர்கள். லேசான மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் வந்துவிடும்.

ஆக, காலையில் நடவுக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் ஜிம்முக்கும் போகிறேன் என்றால், அது இரண்டு மடங்கு பயிற்சி ஆகாது. அன்றைக்கு உடம்பு செய்த மொத்த வேலையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற நாட்களில் பயிற்சிக்கு லீவு விட்டுவிடுங்கள்.

முதல் டம்ப்பெல்லைத் தொடுவதற்கு முன்...

உங்கள் ருமட்டாலஜிஸ்ட்டிடம் பேசிவிடுங்கள். ‘எக்சர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘வாக்கிங் போங்க’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘மூச்சு வாங்குற அளவுக்குப் பயிற்சி செய்யணும், வெயிட் தூக்கணும். எனக்கு எந்த உறுப்பிலாவது தடை இருக்கா?’ என்று கேளுங்கள். அப்போதுதான் அவர் ரத்த அழுத்தம், இசிஜி, எக்கோ, சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், தட்டணுக்கள் என்று பார்ப்பார். லூபஸ் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் தீவிரப் பயிற்சி ஆபத்து. தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ அடிபடுகிற விளையாட்டுகள் வேண்டாம். கபடி ஆசை இருப்பவர்கள் மன்னிக்கவும்!

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொடை எலும்பின் பந்து முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளுக்குள் சிதைய ஆரம்பிக்கலாம். தொடை இடுக்கில் வலி, நடந்தால் கூடும், படுத்தால் குறையும். இதை ‘தசைப் பிடிப்பு’ என்று நினைத்து ஸ்குவாட் போட்டுக்கொண்டே இருந்தால் மூட்டையே இழக்க நேரிடும். அந்த வலி இருந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ தேவைப்படும்.

12 வாரம், கொஞ்சம் கொஞ்சமா...

ஆய்வுகள் பலவும் 12 வாரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. தசையும் இதயமும் மாற அவ்வளவு நாள் ஆகும். முதல் வாரமே ‘பீஸ்ட் மோட்’ வேண்டாம். முதல் நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 15-20 நிமிட நடை போதும். கூடவே இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. இதைப் பார்த்து தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து நடையை 30 நிமிடமாக்கி, வேகத்தையும் கூட்டுங்கள். எட்டு, ஒன்பதாவது வாரத்துக்கு மேல்தான் தலைப்பில் உள்ள ஜிம் சமாசாரம்: ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று ஐந்தாறு சுற்று. வெயிட்டில், 8 முதல் 12 முறை தூக்கியபின் ‘இன்னும் ரெண்டு தூக்கலாம்’ என்று மிச்சம் இருக்கும் எடை. அந்த இரண்டை மிச்சம் வைப்பதுதான் கஷ்டம். எனக்கு லூபஸ் இல்லை, இருந்தும் அந்தக் கடைசி இரண்டுக்கு ஆசைப்பட்டு மூன்று நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கியிருக்கிறேன்.

தீவிரம் எவ்வளவு என்று ஸ்மார்ட்வாட்ச்சைக் கேட்காதீர்கள். ‘220-லிருந்து வயதைக் கழி’ என்கிற கணக்கு லூபஸ்காரர்களுக்குப் பல நேரம் சரிவராது. பயிற்சியின்போது இதயத்துடிப்பு ஏறவேண்டிய அளவுக்கு ஏறாமலும், முடித்தபின் மெதுவாக இறங்குவதாகவும் சிலருக்கு இருக்கிறது. நோய் இதயத்தின் நரம்புக் கட்டுப்பாட்டைத் தொட்டிருப்பதால் வருவது இது. சில பிரஷர் மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும். வாய்தான் நல்ல மீட்டர். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. மூன்று, நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரப் பயிற்சி. வார்த்தையே வரவில்லை என்றால், நிறுத்துங்கள்.

எங்கே, எப்போது? சூரியன் மேலே வருவதற்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் அஸ்தமனத்துக்குப் பிறகு. 2023 நவம்பர் 4-ல் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டப்பட்டது. தஞ்சாவூர் நகரத்தில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. கிராமம் என்றால் வாய்க்கால் கரை, நெல் களம், மழை நாளில் வீட்டுத் திண்ணை. எதுவானாலும் முழுக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்க்ரீன் வேண்டும். வியர்வையில் சன்ஸ்க்ரீன் கரையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். ஜிம்மில் ஜன்னலோர டிரெட்மில்லைத் தவிர்த்துவிடுங்கள், கண்ணாடி வழியாகவும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர் வரும். மார்கழிப் பனியில் விரல் வெளுத்து, நீலம் பாரித்து மரத்துப்போகிறவர்கள் கையுறை போடாமல் இரும்புக் கம்பியைப் பிடிக்க வேண்டாம்.

வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறைவது சகஜம். அதற்கு டாக்டர் தரும் மாத்திரை போதும், வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

இது வொர்க்-அவுட் வலியா... ஃப்ளேரா?

புதிதாகப் பயிற்சி செய்தால் மறுநாள், அதற்கு மறுநாள் தசை வலிக்கும். எந்தத் தசை வேலை செய்ததோ அது மட்டும் வலிக்கும், மூன்று நாளில் அடங்கும். ஃப்ளேர் எனப்படும் நோய்க் கிளர்ச்சி அப்படி இருக்காது. வேலையே செய்யாத விரல் மூட்டு வீங்கும். காலையில் நெடுநேரம் விறைப்பாக இருக்கும். காய்ச்சல், வாய்ப்புண், புதுத் தடிப்பு, கொத்துக்கொத்தாக முடி உதிர்வது, சிறுநீர் நுரையாகப் போவது, கால் வீக்கம், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலிப்பது இதில் எது வந்தாலும் அன்றைக்கே பயிற்சிக்கு பிரேக், டாக்டருக்கு போன். மூட்டு வலிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: பயிற்சி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டு வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலிமாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கத்தை லூபஸ் உள்ளவர்கள் விட்டே ஆக வேண்டும். பல வலிமாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும், லூபஸும் அங்கேதான் கண் வைத்திருக்கிறது. ஜிம்மில் நீட்டும் டப்பாக்களும் அப்படித்தான். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரோட்டீன் பவுடரை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கிரியேட்டின், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைக் கூட்டிக் காட்டிக் குழப்பும். ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ வேண்டவே வேண்டாம், நமக்கு அது ஏற்கெனவே எகிறிக்கொண்டுதான் இருக்கிறது. லேபிளில் அல்ஃபால்ஃபா என்று இருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். அதில் உள்ள ஒரு பொருள் லூபஸைத் தூண்டக்கூடியது.

ஃப்ளேர் வந்து அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர ஆசையாக இருக்கும். வேண்டாம். பாதி அளவிலிருந்து ஆரம்பியுங்கள். படுக்கையில் இருந்த நாட்களிலும், டாக்டர் அனுமதித்தால், கை கால் மடக்கி நீட்டும் பயிற்சியை மட்டும் விடாமல் செய்யலாம். பிசியோதெரப்பிஸ்ட்டிடம் போக வசதியில்லை என்றால், 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். நோய் தீவிரமானால் டெல்டாவிலிருந்து பலரும் போகும் பாண்டிச்சேரி ஜிப்மரிலும், வேலூர் சி.எம்.சி-யிலும் இம்யூனாலஜிக்கென்றே தனித் துறைகள் உள்ளன.

ரத்தம், சிறுநீர் கொடுக்கப் போகிறீர்களா? அதற்கு முந்தைய நாளும் அன்று காலையும் கடும் பயிற்சி வேண்டாம். நன்றாக ஓடியபின் யாருக்குமே சிறுநீரில் கொஞ்சம் புரதம் இறங்கும். வெயிட் தூக்கினால் ரத்தத்தில் சி.கே என்ற தசை நொதி சில நாட்களுக்கு ஏறியே இருக்கும். இது தெரியாமல் ரிப்போர்ட் வந்தால், நோய் சிறுநீரகத்துக்கும் தசைக்கும் போய்விட்டதோ என்று டாக்டரே சந்தேகப்பட்டு ஸ்டீராய்டைக் கூட்ட நேரலாம். கடைசியாக எப்போது, என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டின் மூலையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.